‘வியாதி இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவர்

விருத்தாசலம்,
21.01.2007

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் உங்கப்பாவுடையது. மணி அடிப்பதற்கு முன்பே பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். ரிசீவரை என்னிடம் கொடுத்தாலும் காதை எடுக்க மாட்டேன் என்கிறார். அவரைப் பற்றியே உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தால் நான் எங்கே போவது? இன்றைக்கு நல்லூரில் ஒரு கல்யாணம், போயிருக்கிறார். அந்த நேரத்தில் எழுதுகிறேன்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த கம்பெனியில் இருநூறு பொம்மைக்குக் கண் எழுதிக் கொடுத்தேன். கொலுவுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, இப்போதே ஆர்டர் வந்துவிட்டதாம். நீ வாளி தூக்காதே, குனிந்து நிமிராதே. போன தடவை ஏழாம் மாதத்தில் நடந்ததையே நினைத்துக்கொண்டு படுக்காதே. அப்போது உன் பக்கத்தில் பெண்பிள்ளை என்று ஒருத்தியும் இல்லை. உன் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் இங்கே கிடந்தேன். மாப்பிள்ளை பாண்டியன் தங்கமான பிள்ளைதான், ஆனால் ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும்? இந்தத் தடவை நான் பக்கத்தில் இருப்பேன். உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விசா கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. நம்ம ரயீஸ் தம்பி கடைவீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறானே, அவன்தான் எல்லாம் பார்க்கிறான். அவன் இன்சூரன்ஸ் போடாமல் அமெரிக்காவில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, வியாதி ஒன்றும் இல்லை. அதனால் சுலபமாகப் போய்விட்டது. உங்கப்பாவுக்கு அறுபத்தைந்து ஆகிவிட்டது, மேலே பிரஷர் மாத்திரை. பிரஷர் இருக்கிறது என்று எழுதினால் எனக்குக் கட்டியதைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். சரி, அழுது தொலைக்கலாம் என்றால், அவ்வளவு வாங்கிக்கொண்டும் பிரஷரால் வருகிற எதற்கும் பணம் தர மாட்டார்களாம். பிறகு எதற்குத்தான் தருவார்கள் என்று கேட்டேன். காலில் முள் குத்தினால் தருவார்கள் அக்கா என்று ரயீஸ் சிரித்தான்.

உங்கப்பா சிரிக்கவில்லை. அவர் மனதில் திட்டக்குடி வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். உனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தாரே பழமலைநாதன் வாத்தியார், அவரேதான். போன வருடம் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பழைய வியாதி என்று சொல்லி இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிட்டான். மகன் சென்னையில் வாங்கிப் போட்டிருந்த வீட்டை விற்றுக் கட்டினானாம். உங்கப்பா பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டே வந்துவிட்டார். வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். “செத்திருந்தா தேவல கோதண்டபாணி. பொணத்த ஏத்தி அனுப்புற செலவு கம்மி” என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு உங்கப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. என் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நான் பேரப்பிள்ளையைப் பார்க்கணுமா என்று கேட்டார்.

பிரஷர் இல்லை என்று எழுதிவிட்டுப் போங்கள், ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். உங்கப்பாவிடமா? செராமிக் கம்பெனியில் இருந்த வரைக்கும் மயிரிழை விரிசல் விட்ட ஒரு பீங்கானைக்கூட லாரியில் ஏற்ற விடாத மனுஷன். அதோடு கொளஞ்சியப்பர் பயம் வேறு. நம்ம ஊரில் யாருக்காவது அநியாயம் நடந்தால் மணவாளநல்லூருக்குப் போய்ச் சாமி பேருக்குப் பிராது எழுதிக் கட்டுகிறோம். சாமியும் கோர்ட்டு மாதிரி விசாரிக்கிறார். அப்படியிருக்க, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னால் அவர் சும்மா விடுவாரா என்பது இவர் நியாயம். வாயால் சொன்ன பொய்யை மன்னிப்பாராம், எழுத்தில் கொடுத்ததை மன்னிக்க மாட்டாராம்.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அந்த இன்சூரன்ஸ் பாரத்தில் ‘இப்போது ஏதாவது நோய்க்கு மருந்து சாப்பிட்டு வருகிறீர்களா’ என்று கேள்வி இருக்கிறது. சாப்பிடவில்லை என்று எழுத வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். போன வெள்ளிக்கிழமை முதல் தொடுவதில்லை. உப்பைக் குறைத்து, பாகற்காய் தின்று, மணிமுத்தாற்றுப் பக்கம் நடந்து, உடம்பைச் சரிபண்ணிவிட்டு, பாலிசிக்கு முன்னால் கம்பெனி எடுக்கிற டெஸ்டுக்குப் போவாராம். இப்படி ஒரு அறிவாளியை எனக்குக் கட்டி வைத்த உன் தாத்தாவைத்தான் திட்ட வேண்டும். நீ போனில் ஒன்றும் கேட்டுவிடாதே, நான் எழுதினேன் என்று தெரிந்தால் குதிப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அம்மா அம்புஜவல்லி

*

விருத்தாசலம்,
25.02.2007

என் கண்ணு கயலுக்கு அம்மாவின் ஆசிகள்.

வளைகாப்புப் போட்டோ வந்தது. மேல் மாடி ஷமீனா உனக்கு வளையல் போடுகிற படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். பரங்கிப்பேட்டைப் பெண் அங்கே வந்து உனக்கு ரசம் வைத்துக் கொடுக்கிறாள் என்றால் அது நீ செய்த புண்ணியம். அவளுக்கு என் அன்பைச் சொல்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மாப்பிள்ளையிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திய பத்துப் பதினைந்து நாளில் உங்கப்பாவுக்குப் பின் தலையில் வலி ஆரம்பித்தது. வெயில் என்றார். தை மாதத்தில் என்ன வெயில்? காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடந்தார். நம்ம டாக்டரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் கத்திவிட்டார். “மாத்திரை போட்டா இது சின்ன வியாதிம்மா. நிறுத்துனா சின்னது இல்ல” என்றார். வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன். டெஸ்ட் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று உங்கப்பா கும்பிட்டார். கும்பிட்டார் கயலு. எனக்கு அதற்கு மேல் சண்டை போடத் தெம்பு இல்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். சாயங்காலம் அவர் கேழ்வரகுக் கூழ் குடிப்பார் அல்லவா? மாத்திரையை ஸ்பூனால் பொடித்து அதில் கலந்துவிடுகிறேன். மோர் நிறைய ஊற்றி, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கடிக்கக் கொடுத்துவிட்டால் கசப்பு தெரிவதில்லை. மருந்துக்கடையில் எனக்குத்தான் பிரஷர் என்று சொல்லி வாங்குகிறேன். கட்டின புருஷனுக்குத் திருட்டுத்தனமாக மருந்து வைக்கிற நிலைமை எந்தப் பொம்பளைக்கு வரும்? முதல் நாள் அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அடுப்படி வாசலை விட்டு நான் நகரவில்லை.

ஒரு வாரத்தில் தலைவலி போய்விட்டது. கடலூரில் அந்தக் கம்பெனி சொன்ன இடத்தில் டெஸ்ட் எடுத்தார்கள். பிரஷர் சரி, இருதயம் சரி, எல்லாம் சரி. பாரத்தில் வியாதி இல்லை, மருந்து சாப்பிடவில்லை என்று எழுதி, கொளஞ்சியப்பா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பாலிசி வந்துவிட்டது. உனக்கு போன் போட்டுப் பெருமை அடித்தாரே, அது இந்தக் கதைதான். டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் மாத்திரை விற்கிற தந்திரம், உடம்பு தன்னைத் தானே சரிபண்ணிக்கொள்ளும் என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார். பக்கத்து வீட்டு ராஜாம்பாளின் புருஷனையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு எதுவும் செய்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் வைத்தது நல்லதற்குத்தான். ஆனால் அதனாலேயே இனிமேல் அவர் தெரிந்து ஒரு மாத்திரை போட மாட்டார். எனக்கு இது டெஸ்ட் முடிந்த பிறகுதான் உறைத்தது.

இன்னொன்றும் கேள். ரயீஸிடம் யாருக்கோ கேட்பது போல ஒரு சந்தேகம் கேட்டேன். வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்தால் என்ன ஆகும் என்று. அவன் என் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். அங்கே பெரிதாக ஏதாவது ஆனால் இங்கே மருந்துக்கடை வரைக்கும் வந்து விசாரிப்பார்கள், பழைய மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் ஒரு பைசா தர மாட்டார்கள் என்றான். ஆக, அந்தப் பாலிசி எதற்கும் உதவாது. அதைத்தான் உங்கப்பா சாமி படத்துக்குப் பின்னால் வைத்துப் பூ போடுகிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நூறு தடவை வாயெடுத்தேன். சொன்னால் பாலிசியைத் திருப்பிக் கொடுப்பார், பயணத்தை நிறுத்துவார், என் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நீ ஏழாம் மாதத்தைத் தாண்டுகிற வரைக்கும் வீட்டில் ஒரு கலகமும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது தாண்டிவிட்டாய், ஆனாலும் சொல்லத் துணிச்சல் இல்லை. அங்கே வந்தும் இதையே செய்ய வேண்டியதுதான். கேழ்வரகு மாவு இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறேன். விமானத்தில் ஒரு நாள் முழுக்க என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ராத்திரி அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். கொஞ்சம் நின்றாலும் தொட்டுப் பார்க்கிறேன். நீ இதையெல்லாம் நினைத்துக் கவலைப்படாதே, மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

*

விருத்தாசலம்,
28.03.2007

அன்பு மகளுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. ரயீஸ் சென்னைக்குப் போகிறான், அங்கே கூரியரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். நாங்கள் கிளம்ப வேண்டிய தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். உட்கார்ந்து படி, பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு படி.

போன ஞாயிறு போனில் உங்கப்பா உன்னை ‘நீலா’ என்று கூப்பிட்டார். நீலாவதி உன் அத்தை, அவள் செத்து இருபது வருடம் ஆகிறது. என்னப்பா அத்தை பேரைச் சொல்றீங்க என்று நீ சிரித்தாய். அவரும் சிரித்தார், மறுபடியும் நீலா என்றார். நீ விளையாட்டு என்று நினைத்திருப்பாய். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. ரிசீவர் வலது கையிலிருந்து நழுவியது, இடது கையால் பிடித்தார். லைன் சரியில்லை என்று சொல்லி நான் வாங்கி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று சொல்கிறேன். டெஸ்டில் பாஸானதற்குக் கொளஞ்சியப்பருக்கு நன்றிக்கடன் என்று பங்குனி உத்திரம் வரைக்கும் விரதம் எடுத்தார். ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் கோயில் பிரசாதம். காலையில் மணவாளநல்லூருக்கு நடந்தே போவார், வெயில் ஏறி வருவார். வீட்டில் தண்ணீரும், அவரே உரிக்கிற வாழைப்பழமும்தான். கூழ் கிடையாது, மோர் கிடையாது. நான் மன்றாடினேன். ஒரு நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பி, தண்ணி ஏன் கசக்குது என்று கேட்டார். குடம் கழுவிய சோடா வாடை என்று சொன்னேன். அதற்குப் பிறகு குடத்திலிருந்து அவரே மொண்டு குடித்தார். இப்படியே இரண்டு வாரம் மாத்திரை உள்ளே போகவில்லை.

போன் வைத்த கொஞ்ச நேரத்தில் முகம் சரியாகிவிட்டது. அவருக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. இனிமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்து கூழிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன், இத்தனை வருடத்தில் அடித்ததில்லை என்றாலும். ஒன்றும் செய்யவில்லை. வலது கையை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு, “அப்போ டெஸ்டுல பாஸானது நான் இல்ல, உன் மாத்திரை” என்றார். டாக்டரிடம் போகலாம், எழுந்திருங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். “கையெழுத்து என்னுது அம்புஜம். மொதல்ல அத சரி பண்ணணும்” என்று சொல்லிவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பாலிசியை எடுத்துக்கொண்டு ரயீஸ் வீட்டுக்கே போய்விட்டார். எனக்குப் பிரஷர் இருக்கிறது, டெஸ்ட் எடுத்தபோது என் உடம்பில் மருந்து இருந்தது, எனக்குத் தெரியாது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதினாராம். நாளைக்கு எழுதலாம் சார், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அந்தப் பிள்ளை அழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான்.

மறுநாள்தான் டாக்டரிடம் வந்தார். புதுச்சேரிக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். “இது முன்னாடி வர்ற எச்சரிக்கைம்மா. அடுத்தது சொல்லிட்டு வராது. ஒரு நிமிஷம் தனியா வுடாதீங்க.”

இதை உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று உங்கப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாங்கிய சத்தியத்தைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு மூட்டு வலி, அதனால் வரவில்லை, அம்மா மட்டும் வருகிறாள் என்று உன்னிடம் சொல்வதாக ஏற்பாடு. “புள்ள அங்க தனியா கெடக்குது. நீ போயிட்டு வா, நான் இருப்பேன்” என்கிறார். என் பெட்டியை அவரே அடுக்குகிறார். உனக்குப் பருப்புப்பொடி, பிள்ளைக்கு வசம்பு, எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். இப்போது மாத்திரையை என் எதிரிலேயே போட்டுக்கொள்கிறார், நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைக் காட்டுகிறார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நேற்றுக் காலை சட்டைப் பொத்தான் போட முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு போராடினார். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என் பாஸ்போர்ட் சரி, விசா சரி, டிக்கெட் சரி, இன்சூரன்ஸ் சரி. என் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. நான் வராமல் இருப்பதற்கு உலகத்தில் ஒரு காரணமும் இல்லை என்று எல்லாக் காகிதமும் சொல்கிறது. சாப்பாடு நான் கொடுக்கிறேன் என்று ராஜாம்பாள் சொல்கிறாள். சாப்பாடு கொடுப்பாள். ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள்?

கயலு, பெற்றவள் மகளிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். போன தடவை நீ அந்த ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தது எனக்கு மறக்கவில்லை. இந்தத் தடவை வருவேன் என்று வாக்குக் கொடுத்ததும் மறக்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் நிற்கிற பெண்ணிடம், நான் வரவில்லை என்று என் வாயால் என்னால் சொல்ல முடியாது. அவரை விட்டுவிட்டு வாசலைத் தாண்டவும் முடியாது. இரண்டு நாளாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறேன்.

அதனால் நீ சொல்லிவிடு. இது கிடைத்த உடனே போன் போடு, ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே. அவர்தான் எடுப்பார். அம்மா வர வேண்டாம்பா, ஷமீனா இருக்கிறாள், ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்று அவரிடமே சொல். இரக்கமாகச் சொன்னால் கேட்க மாட்டார், கோபமாகச் சொல். அம்மா வந்தால் எனக்குத் தொந்தரவு என்றுகூடச் சொல். அவர் ரிசீவரை என்னிடம் கொடுப்பார், காதைப் பக்கத்திலேயே வைத்திருப்பார். நான் உன்னைத் திட்டுவேன். பெத்தவள வேணாங்கிறியா, நன்றி கெட்டவளே என்று கேட்பேன், அழுவேன். எதையும் நம்பாதே. கடைசி வரைக்கும் வர வேண்டாம் என்றே சொல்லு தாயே.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயுமாக மகராசியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
அம்புஜவல்லி